காற்றோடு போன பெட்ரோல்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆபீஸில் ஆணி குறைவாக இருக்கும் மத்தியான நேரத்தில் படிக்கவும் :-)

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் திடீரென்று ஒரு பழுப்பு நிறப் புகைமூட்டம் இறங்கியது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், நாலு தெரு தள்ளி இருக்கிற கட்டடம் தெரியவில்லை. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான் என்று கூட சிலர் பயந்தார்கள். கொஞ்சம் ஆசுவாசமானதும் "யார் காரணம்?" என்று தேட ஆரம்பித்தார்கள். அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கு பியூடாடையீன் தயாரிக்கும் ஒரு ஆலை இருந்தது. நாற்றம் வேறு பிடிக்கும். பிடிச்சாங்க அதை. ஆலையைக் கொஞ்ச நாள் மூடியும் பார்த்தார்கள். புகைமூட்டம் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

தப்பான இடத்தில் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்த, ஏன், சும்மா நின்றுகொண்டிருந்த கார்களும் காரணத்தில் ஒரு பங்கு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டுகிற ஆசாமி. ஆனால் பிழை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. காரில் இருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும் பெட்ரோல் ஆவியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தோண்ட ஆரம்பித்தேன். போகப் போக இது கார் கதை மாதிரியே தெரியவில்லை. எங்கள் டெஸ்டிங் டீம் கதை மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

<b>அன்னாசிப் பழ ஆராய்ச்சியாளர்</b>

கதாநாயகர் பெயர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்துக்காரர், கால்டெக்கில் பேராசிரியர். அவர் வேலை பார்த்தது என்னவோ பழங்களின் வாசனையில். அன்னாசிப் பழ வாசனைக்கு எந்தெந்த வேதிப்பொருள் காரணம் என்று பிரித்துக்கொண்டிருந்த மனிதர். வாசனையைப் பிடிக்கத் தெரிந்தவர் ஆயிற்றே என்று, ஊர்க்காற்றையும் அதே மாதிரி குளிரவைத்து வடித்துப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் நாற்றமடிக்கும் சில சொட்டுகள் கிடைத்தன. அதில் இருந்தவை பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்த ஹைட்ரோகார்பன்கள்.

ஹைட்ரோகார்பன் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகிறது, அதுதான் கண்ணை எரிக்கிற இந்தப் புகைமூட்டத்தின் மூலம் என்று அவர் சொன்னார். 1952ல் வந்த அவருடைய கட்டுரை இந்தத் துறையில் ஒரு மைல்கல். ஓசோன் இருக்கிறதா என்று பார்க்க அவர் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? ரப்பர் துண்டு. வளைத்து வைத்த ரப்பரை ஓசோன் விரிசல் விடவைக்கும். எவ்வளவு சீக்கிரம் விரிசல் விடுகிறதோ அவ்வளவு ஓசோன். எளிமையான ஐடியா.

எண்ணெய் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவர்கள் சங்கத்தின் பணத்தில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேறு ஆய்வு நடந்தது. அவர்கள் இவர் சொன்னதை ஏற்கவில்லை. மனுஷன் அன்னாசியை ஓரங்கட்டிவிட்டு இதிலேயே முழுசாக இறங்கிவிட்டார். பிற்பாடு கலிபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1968ல் அவரை நியமித்த கவர்னர் ரொனால்ட் ரீகனே 1973ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார் என்பது தனிக்கதை.

<b>ஓடாத காரும் புகைவிடும்</b>

காரில் இருந்து ஹைட்ரோகார்பன் மூன்று வழியாக வெளியே வருகிறது. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த சைலன்சர். இரண்டு, பிஸ்டன் ஓரமாகக் கசிந்து என்ஜின் அடிப்பகுதிக்கு இறங்கும் வாயு. மூன்று, டேங்கிலும் கார்புரேட்டரிலும் இருந்து ஆவியாகிற பெட்ரோல். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத பழைய கார்களில் இந்த மூன்றாவது வழி மட்டும் மொத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

அந்தக்கால டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு ஓட்டை இருக்கும். வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகி அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். ராத்திரி குளிர்ந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். டேங்க் தினமும் ஒரு தடவை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓடவே வேண்டாம். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதே காசு காற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழியை கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலேயே ஒரு வால்வு வைத்து அடைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவதற்கு 1970 வரை ஆனது. 1970 மாடல் முதல் கலிபோர்னியாவிலும், 1971 மாடல் முதல் அமெரிக்கா முழுக்கவும் ஆவியைப் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது.

பிடித்த விதம் ரொம்ப அழகு. ஒரு டப்பா நிறைய கரி. நம்ம வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கிற மாதிரி ஆக்டிவேட்டட் கார்பன்தான். டேங்கில் இருந்து வரும் ஆவி இந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது, கரி வழியாக வெளிக்காற்றை உறிஞ்சி, ஒட்டியிருந்த பெட்ரோல் ஆவியையும் சேர்த்து இழுத்து எரித்துவிடும். கரி காலியாகி அடுத்த ரவுண்டுக்குத் தயார். எதுவும் வீணில்லை.

எல்லாம் சரி. ஆவி வெளியே போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் சொல்ல வந்த மேட்டர் இனிமேல்தான்.

<b>முதல் ஓட்டை: எங்கே பார்த்தார்கள்?</b>

முதலில் வந்த சோதனை முறை இது. ஆவி எங்கெல்லாம் வெளியே வரலாம் என்று யோசித்து, அந்தந்த இடத்தில் ஒரு குட்டிக் கரி டப்பாவை மாட்டுவார்கள். சோதனைக்கு முன்னாடி எடை, பின்னாடி எடை. வித்தியாசம்தான் வெளியேறிய ஆவி. 1971 மாடலுக்கு ஒரு சோதனைக்கு 6 கிராம் வரை அனுமதி. 1972ல் 2 கிராமாகக் குறைத்தார்கள். கார்களும் பாஸ் ஆகின. ஆனால் வெளியே மாட்டாத இடத்தில் இருந்து வந்த ஆவி எந்த டப்பாவிலும் விழவில்லை. கார்புரேட்டரின் இணைப்பு ஓரங்கள், ரப்பர் குழாயின் சுவர் வழியாகவே ஊடுருவி வருவது, இதெல்லாம் கணக்கிலேயே இல்லை. டெஸ்ட் கேஸ் எழுதியவனுக்குத் தோன்றாத இடத்தில்தான் பக் இருக்கும் என்று தெரிந்த மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று 1960களின் கடைசியிலேயே தயாராக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் முன்வைத்த முறை அது. இடம் இடமாகத் தேடாதே, காரையே ஒரு காற்றுப்புகாத அறைக்குள் வைத்துப் பூட்டு, அறைக்காற்றில் ஹைட்ரோகார்பன் எவ்வளவு ஏறுகிறது என்று அள. இதற்கு ஷெட் என்று பெயர். எங்கிருந்து வந்தாலும் அறைக்குள்தானே இருக்க வேண்டும்!

1978 மாடலில் இருந்து இந்த முறை கட்டாயமானது. அப்போது அளவு எவ்வளவு வைத்தார்கள் தெரியுமா? மறுபடியும் 6 கிராம். பழைய முறையில் 2 கிராம் என்று இருந்ததை, புதிய முறையில் 6 கிராமாகத் தளர்த்தியும், அது பழசைவிடக் கடுமையான சட்டம்! பழைய எண் எவ்வளவு பொய்யான நிம்மதி கொடுத்துக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். ஷெட் முறையில் 2 கிராமுக்கு இறங்கியது 1981ல்.

பூட்டிய அறை ரொம்ப நேர்மையானது. அதற்கு பெட்ரோல், பெயிண்ட் என்ற பாகுபாடு கிடையாது. புது காரின் பெயிண்ட், டயர், சீட்டு, கண்ணாடி துடைக்கிற திரவம் எல்லாம் அதில் ஏறும். நாம் ஆசையாக மோந்து பார்க்கும் புது கார் வாசனையும் அங்கே மாசுதான் :-)

<b>இரண்டாம் ஓட்டை: எவ்வளவு நேரம் பார்த்தார்கள்?</b>

அந்தச் சோதனையில் ஒரு நாளின் வெயிலை ஒரே மணி நேரத்தில் போலியாக உண்டாக்குவார்கள். டேங்கில் உள்ள பெட்ரோலை ஹீட்டர் வைத்து சுமார் 16 டிகிரி செல்சியஸில் இருந்து 29 டிகிரி வரை ஏற்றுவார்கள். பிறகு காரை ஓட்டிவந்து, சூடான என்ஜினோடு இன்னொரு மணி நேரம் அறையில் நிறுத்துவார்கள். முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி, திங்கட்கிழமை காலையில் எடுக்கிற கார் என்ன செய்யும்? இரண்டு நாள் வெயிலில் டேங்க் இரண்டு தடவை மூச்சு விடும். என்ஜின் ஓடாததால் கரி காலியாகாது. கரி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வரும் ஆவி நேராக வெளியேதான். ஒரு மணி நேர சோதனைக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

1990ல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 1996 மாடலில் இருந்து படிப்படியாகப் புதுச் சோதனை வந்தது. ஹீட்டர் ஏமாற்று வேலை இல்லை. அறையின் வெப்பத்தையே 22 டிகிரியில் இருந்து 36 டிகிரி வரை ஏற்றி இறக்கி, மூன்று நாள் முழுசாக நிறுத்திவைத்து அளப்பது. கரி டப்பாக்கள் பெரிதாயின, குழாய்கள் மாறின.

<b>மூன்றாம் ஓட்டை: எப்போது பார்த்தார்கள்?</b>

இவ்வளவும் புது காருக்கு. பத்து வருஷம் ஓடி, ரப்பர் காய்ந்து, மூடியின் வளையம் தேய்ந்த காரை எந்த அறையில் பூட்டுவது? ஆளுக்கொரு ஷெட் கட்ட முடியுமா? காரே தன்னைத்தானே சோதித்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தார்கள். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களிலும் கட்டாயமான ஓபிடி-2 என்ற சுயபரிசோதனையில் இதுவும் சேர்ந்தது. முதலில் 1 மில்லிமீட்டர் ஓட்டைக்குச் சமமான கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். 2000 மாடல் முதல் படிப்படியாக கலிபோர்னியா கேட்டது அரை மில்லிமீட்டர். ஊசி முனை அளவு ஓட்டை, டேங்க், குழாய், கரி டப்பா, மூடி என்று இவ்வளவு பெரிய அமைப்பில் எங்கே இருந்தாலும்!

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு வழி இது. வெளிக்காற்று வரும் வால்வை மூடிவிட்டு, என்ஜினின் உறிஞ்சும் சக்தியை டேங்கோடு இணைக்கும். ஸ்ட்ராவில் தண்ணீரை ஏழு அங்குலம் உறிஞ்சும் அளவுக்கு லேசான வெற்றிடம். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்த வெற்றிடம் நிற்கிறதா, மெல்ல மெல்லக் குறைகிறதா என்று டேங்கில் இருக்கும் அழுத்த சென்சார் கவனிக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை.

சிக்கல் என்னவென்றால், ஓட்டையே இல்லாவிட்டாலும் சூடான பெட்ரோல் ஆவியானால் வெற்றிடம் குறையும். டேங்க் ததும்ப இருந்தாலும் கணக்கு தப்பும், காலியாக இருந்தாலும் தப்பும். அதனால் நிபந்தனைகள்: என்ஜின் குளிர்ந்த நிலையில் கிளம்பியிருக்க வேண்டும், டேங்க் பல கார்களில் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வெளி வெப்பம் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும், இப்படி ஒரு பட்டியல். இவ்வளவு இஃப் கண்டிஷன் போட்டால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன் எப்போதாவது ஓடுமா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

சந்தேகம் அமெரிக்க அரசுக்கும் வந்தது. 1999ல் டொயோட்டா மேல் வழக்குப் போட்டார்கள். 1996 முதல் 1998 வரையான மாடல்களில் சுமார் 22 லட்சம் வண்டிகள். ஆவிக்கசிவு சோதனை ரொம்பக் குறுகிய சூழ்நிலைகளில் மட்டுமே ஓடுகிறது, அதை ஒப்புதல் வாங்கும்போது சரியாகத் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. டொயோட்டா மறுத்தது. கடைசியில் 2003ல் சமரசம். பழைய டீசல் பள்ளிப் பேருந்துகளின் புகையைக் குறைக்க 2 கோடி டாலர், அந்த வண்டிகளின் ஆவி அமைப்புக்குக் கூடுதல் வாரண்டி என்று மொத்தம் சுமார் 3 கோடியே 40 லட்சம் டாலர் கணக்கு. யாரும் ஆவியை வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள் என்று அரசு சொல்லவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை என்பதுதான் வழக்கே.

கலிபோர்னியா 2002ல் கொண்டுவந்த விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. கார் தன் சோதனைகளைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை நடக்கத் தகுந்த பயணங்கள் எத்தனை, உண்மையில் சோதனை நடந்தது எத்தனை. இரண்டையும் வகுத்தால் ஒரு விகிதம். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக்கூடாது. சோதனையைச் சோதிக்கும் சோதனை!

பொறியாளர்களும் வேறு வழி தேடினார்கள். என்ஜினை அணைத்த பிறகு டேங்க் தானாகக் குளிரும்போது உண்டாகும் இயற்கை வெற்றிடத்தையே பயன்படுத்துவது ஒன்று. ஒரு குட்டி பம்ப் வைத்து, சாவியை எடுத்து ஐந்து மணி நேரம் கழித்து கார் தானே விழித்துச் சோதிப்பது இன்னொன்று. நட்ட நடு ராத்திரியில் பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் ஏதோ முனகல் கேட்டால் பேய் என்று ஓடாதீர்கள், அதுவாகவும் இருக்கலாம்.

<b>கொஞ்சம் சொந்தக்கதை</b>

நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. பி0456 என்ற கோடு. மிகச்சிறிய ஆவிக்கசிவு என்று அர்த்தம். புது மூடி போட்டேன், விளக்கு அணைந்து பத்து நாளில் திரும்ப வந்தது. எங்கள் ஏரியா மெக்கானிக் ஒரு வியட்நாம்காரப் பெரியவர். "கம்ப்யூட்டர் ஓட்டை எவ்வளவு பெரிசுன்னு சொல்லும் தம்பி, எங்க இருக்குன்னு சொல்லாது" என்றார் (அவர் சொன்னது ஆங்கிலத்தில், தம்பி என் சேர்க்கை).

முன்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களாம். இல்லையென்றால் புகைப் பரிசோதனைக் கருவியின் மூக்கை குழாய் குழாயாக நீட்டி மோப்பம் பிடிப்பது. இவர் கொண்டுவந்தது ஸ்மோக் மெஷின். கனிம எண்ணெயைச் சூடாக்கி வெள்ளைப் புகையாக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில் அமைப்புக்குள் அனுப்பும். அதிகபட்சம் அரை பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பதுக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் நல்ல இணைப்பே பிய்ந்துவிடும். சாதாரணக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன். பெட்ரோல் ஆவியோடு காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும், கராஜே இருக்காது.

பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பின் சக்கரத்துக்கு மேலே, டார்ச் வெளிச்சத்தில், ஊதுபத்தி மாதிரி ஒரு மெல்லிய கோடு. ஒரு ரப்பர் குழாயின் வளைவில் மயிரிழை விரிசல். நாங்கள் பில்ட் போட்டதும் பண்ணுகிற ஸ்மோக் டெஸ்டில் இவ்வளவு அழகாக ஒரு பக் தெரிந்ததே இல்லை.

<b>இன்னும் அடையாத ஓட்டை</b>

இப்போது கலிபோர்னியாவில் புகைச் சான்றிதழ் வாங்கப் போனால், 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களுக்கு ஓபிடி வயரைச் செருகிப் படிப்பதுதான் முக்கியமான சோதனை. எல்லாச் சுயபரிசோதனைகளும் முடிந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று விதியில் விலக்கு உண்டு. அது எது என்று ஊகித்திருப்பீர்கள். ஆவிக்கசிவு சோதனைதான்.

விலக்கு கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. அந்த நிபந்தனைகள் எல்லாம் கூடிவர நாள் கணக்கில் ஆகலாம். கூலி வேலைக்குப் போகிற ஒருவர், பழைய காரை வைத்துக்கொண்டு, ஒரு சோதனை தானாக ஓடும் வரைக்கும் சான்றிதழுக்காகக் காத்திருக்க முடியாது. அதே சமயம், கசிய வாய்ப்பு அதிகம் இருப்பதும் அந்தப் பழைய கார்களில்தான். அந்த ஆவியை முதலில் சுவாசிப்பவர்களும் அந்த கார் நிற்கும் தெருக்காரர்கள்தான். கருணையும் கண்டிப்பும் ஒரே வரியில் மோதிக்கொள்கிற இடம் இது. எனக்கு இதற்கு நல்ல தீர்வு தோன்றவில்லை. அந்தக் கருவியில் "முடியவில்லை" என்று தனியாக ஒரு நிலை காட்டுகிறார்களே, அதுவே பெரிய விஷயம் என்று படுகிறது. "பாஸ்", "ஃபெயில்" இரண்டு மட்டும் இருந்திருந்தால், பார்க்கப்படாததெல்லாம் பாஸ் பக்கம்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட்டில் அந்த மூன்றாவது நிலை கிடையாது. ஓடாத டெஸ்டும் பச்சையாகத்தான் தெரிகிறது. அடுத்த மீட்டிங்கில் இதைக் கேட்கப் போகிறேன். நீங்களும் பொட்டி தட்டுபவர் என்றால் உங்கள் ஊரில் எப்படி என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஆட்டோமொபைல் துறைப் பதிவர்கள் யாராவது இருந்தால், ஹைப்ரிட் கார்களைப் பற்றி ஒரு பதிவு போட்டால் புண்ணியமாகப் போகும். என்ஜினே அதிகம் ஓடாத வண்டியில் கரியைக் காலி செய்வது எப்படி என்பது இதைவிட சுவாரசியமான கதை.